எங்கள் குடும்பப் பெயருக்குக் கேடயச் சின்னம் உண்டாம், வாங்கலாமா?

முத்துநகரான்
எல்லாருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடி, பிழைப்பு பர்மிங்காமில். குடும்பப் பெயர் பெரைரா. இங்கே ஒரு ஷாப்பிங் மாலில் நடுவழியில் சின்னக் கடை போட்டிருக்கிறார்கள். குடும்பப் பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டி, அந்தப் பெயருக்கு உரிய கேடயச் சின்னத்தை அச்சடித்து ஃபிரேம் போட்டுத் தருகிறார்கள். கூட வந்த ஐரிஷ்காரர் தன் பெயருக்கு ஒரு காபி கோப்பை வாங்கினார். நானும் சும்மா கேட்டுப் பார்த்தேன். வந்துவிட்டது! சிவப்புக் கேடயம், நடுவில் வெள்ளிச் சிலுவை. சிலுவையின் நான்கு முனைகளும் பூ மாதிரி விரிகின்றன. சிலுவைக்கு வெளிக்கோடு மட்டும்தான், உள்ளே சிவப்பு தெரிகிறது. மேலே ஒரு போர்த் தலைக்கவசம், இருபக்கமும் இலை இலையாக ஏதோ அலங்காரம். அடியில் ஒரு தாள்: சிவப்பு என்றால் வீரம், வெள்ளி என்றால் நேர்மையும் அமைதியும்.

பெரியப்பா ஊரில் புது வீடு கட்டி முடித்துவிட்டார், அடுத்த மாதம் வீடு மந்திரிப்பு. வரவேற்பறையில் மாட்ட இதைக் கொண்டுபோகலாம் என்று ஆசை. ஃபிரேமோடு 60 பவுண்டு. இது நிஜமாகவே எங்கள் சின்னமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதூக்கி
தம்பி, அந்தக் காசுக்குப் பெரியப்பாவுக்கு நல்ல மிக்ஸி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கடைக்காரர் விற்பது பொய்ப் படம் இல்லை. அந்தச் சிலுவை பெரைரா என்ற போர்த்துக்கீசியப் பிரபு குலத்தின் சின்னம்தான். ‘பெரைரா என்று பெயர் இருப்பவர் எல்லாருக்கும் இது சொந்தம்’ என்று அவர் சொல்லாமல் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் கோளாறு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கேடயச் சின்னம் பெயருக்கு உரியது இல்லை. ஓர் ஆளுக்கு உரியது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. இங்கிலாந்தில் ஆண்வழி வாரிசுகளுக்கு. ஒரு ஸ்மித்துக்கு முந்நூறு வருடம் முன்னால் சின்னம் கிடைத்தது என்றால், மற்ற ஸ்மித்துகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

லண்டனில் இதைப் பார்த்துக்கொள்ளவே காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1484-இல் பட்டயம் கொடுத்தது, இன்றும் நடக்கிறது. ‘எனக்குச் சின்னம் உண்டு’ என்று அங்கே போய்ச் சொன்னால், பழைய உரிமையாளர் வரைக்கும் தலைமுறை தலைமுறையாக ஆவணம் கேட்பார்கள். இல்லாவிட்டால் பல ஆயிரம் பவுண்டு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மிடில்டனின் அப்பா 2011-இல், மகள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், அப்படித்தான் வாங்கினார். அதில் மூன்று ஓக் மரக் காய்கள், மூன்று பிள்ளைகளுக்காக. நடுவில் கூரை வடிவில் ஒரு பொன் நிறப் பட்டை. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கோல்டுஸ்மித் அல்லவா, அதற்காக.

ஸ்காட்லாந்து இன்னும் கறார். அங்கே லார்டு லயன் என்ற அதிகாரிக்குத் தனி நீதிமன்றமே இருக்கிறது. 1672 சட்டப்படி ஒரு பதிவேடு. அண்ணன் தம்பிகள்கூட ஒரே சின்னத்தை அப்படியே போட முடியாது. மூத்தவர் வழிக்குத்தான் அசல். இளையவர்கள் சுற்றிலும் ஒரு கரை சேர்த்தோ, நிறம் மாற்றியோ தனியாகப் பதிய வேண்டும். உரிமை இல்லாமல் போட்டால் வழக்கு வரும்.

இனி அந்தத் தாள். ‘சிவப்பு வீரம், நீலம் விசுவாசம்’ எல்லாம் பிற்காலத்தில் புத்தகம் போட்டவர்கள் கட்டிவிட்ட கதை. 12-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் தொடங்கியபோது போர்க்களத்திலும் குதிரை வீரர்கள் ஈட்டியோடு மோதும் போட்டிக் களத்திலும் தூரத்தில் வருகிறவன் யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சின்னத்துக்கு அர்த்தம் இருந்தால் பெரும்பாலும் அது பெயரை வைத்து ஒரு சிலேடையாக இருக்கும். இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டில் நாட்டுக்குக் கோட்டை, லியோன் நாட்டுக்குச் சிங்கம். எலிசபெத் ராணியின் அம்மா போஸ்-லயன் குடும்பம், அவர்கள் கேடயத்தில் வில்லும் சிங்கமும். காளமேகம் இருந்திருந்தால் அங்கே வேலை கிடைத்திருக்கும்.

முத்துநகரான்
சார், மிக்ஸி ஏற்கெனவே இரண்டு இருக்கிறது :) ‘போர்த்துக்கீசியப் பிரபு குலம்’ என்கிறீர்களே, அவர்களுக்கும் எங்களுக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வாய்ப்பே இல்லையா?

கொழும்பான்
எங்கட பக்கம் வந்து பாருங்கோ. மொறட்டுவைப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு பெரேரா மேல்தான் விழும், தப்பினால் ஒரு பெர்னாண்டோ மேல். எல்லாரும் அந்தச் சிலுவையை மாட்டினால் லிஸ்பனில் இருக்கிற சுவர் எல்லாம் சேர்த்தாலும் காணாது. பெர்னாண்டோ இன்னும் பகிடி. அது ஆதியில் ஒருவருடைய முதற்பெயர். பெர்னாண்டோவின் பிள்ளை என்றுதான் அங்கேயே குடும்பப் பெயராகியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆயிரம் குடும்பங்கள் அந்தப் பெயரில் இருக்கும். அதுக்கும் அந்தக் கடையில் ஒரு சின்னம் இருக்கும், பந்தயம்.

மரியநாயகி
முத்துநகரான் தம்பி, நான் மணப்பாடு. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்ததுண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முத்துக்குளித்துறையில் பரதவர்கள் மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றது 1530-களில். முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மேல் உரிமை யாருக்கு என்று அடிதடி நடந்த காலம். ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர், முன்னமே லிஸ்பன் போய்க் கிறிஸ்தவரானவர், ‘போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேளுங்கள்’ என்று நம் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு யோசனை சொன்னார். சவேரியார் கரையில் இறங்கியது அதற்குப் பிறகுதான், 1542-இல். ஞானஸ்நானத்தின்போது ஞானத் தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரே நமக்குக் குடும்பப் பெயராயிற்று என்பது கரையில் வழிவழியாகச் சொல்வது. பெரைரா, வாஸ், கோமஸ், மோத்தா, ரோச், மச்சாடோ எல்லாம் இப்படி வந்தவை.

ஞானத் தகப்பன் பெயரைக் கொடுப்பார். சொத்தையும் வம்சத்தையும் கொடுக்க மாட்டார். அந்த ஞானத் தகப்பனே லிஸ்பனில் என்ன ஆளாக இருந்தாரோ! கப்பலில் வந்த சிப்பாய்க்கும் மாலுமிக்கும் பெரைரா என்று பெயர் இருந்திருக்கும். அவர்களுக்கே அந்தச் சிலுவையில் பாத்தியதை இருந்திருக்காது, நமக்கு எங்கிருந்து வரும்?

இதில் நமக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பெயர் நமக்கு வந்த கதை, அந்தச் சின்னத்தின் கதையைவிடச் சுவாரசியமானது. அதை எழுதி மாட்டலாம்.

ஏடுதூக்கி
மரியநாயகி அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி கேட்டதால் அந்தப் பிரபுக்களைப் பற்றிக் கொஞ்சம்.

லிஸ்பன் பக்கத்தில் சிந்த்ரா என்ற ஊரில் ஓர் அரண்மனை. மனுவேல் மன்னர், வாஸ்கோ ட காமாவை இங்கே அனுப்பினாரே அவர்தான், 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்கே ஒரு மண்டபம் கட்டினார். கூரை முழுக்கப் பொன் வேலை. நடுவில் மன்னரின் சின்னம், சுற்றிலும் 72 பிரபு குடும்பங்களின் சின்னங்கள், ஒவ்வொன்றையும் ஒரு கலைமான் தாங்குகிறது. பெரைராவின் சிலுவையும் அதில் உண்டு. 1385-இல் அல்ஜுபரோட்டா போரில் காஸ்டில் படையைத் தோற்கடித்த நூனோ ஆல்வரிஷ் பெரைரா அந்தக் குலம். கடைசிக் காலத்தில் மடத்தில் சேர்ந்தவர், 2009-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் மகள் வழியில் வந்ததுதான் பின்னாளில் போர்த்துக்கலை ஆண்ட பிரகான்சா அரச வம்சம்.

அதே கூரையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். தாவரா குடும்பத்தின் இடம். மன்னரைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று 1759-இல் அந்தக் குடும்பத்தின் தலைகளுக்குக் கொடூரமான மரண தண்டனை, கூடவே சின்னத்தையும் கூரையிலிருந்து அழித்தார்கள். ஆளைக் கொன்றதோடு விட்டிருக்கலாம், சின்னம் என்ன செய்தது என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு இரண்டும் ஒரே தண்டனையின் இரண்டு பாகம்.

வம்பளந்தான்
ஏடுதூக்கி ஐயா, லண்டனில் பல ஆயிரம் பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுத்தால் கௌரவம், மாலில் 60 பவுண்டுக்குக் கொடுத்தால் மோசடியா? இரண்டும் வியாபாரம்தானே! ஷேக்ஸ்பியரும் காசு கொடுத்து வாங்கியவர்தான் என்று எங்கேயோ படித்தேன்.

ஏடுதூக்கி
நல்ல கேள்வி. ஷேக்ஸ்பியர் விஷயம் உண்மை. 1596-இல் அவருடைய அப்பா ஜான் பெயருக்குச் சின்னம் கிடைத்தது. கையுறை செய்து விற்றவர், ஊரில் பெரிய பதவிகளில் இருந்து பிறகு நொடித்துப்போனவர். பொன் கேடயத்தில் சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, பட்டையின் மேல் ஓர் ஈட்டி. பெயரில் ‘ஸ்பியர்’ இருக்கிறதே. அப்பாவுக்குக் கிடைத்தால் மகன் பிறவிக் கனவான் ஆகிவிடுவார். நாடகக்காரருக்கு அது பெரிய விஷயம். 1602-இல் ரால்ஃப் புரூக் என்ற சின்ன அதிகாரி, தகுதி இல்லாதவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்று தன் மேலதிகாரி மேலேயே புகார் செய்தார். அந்தப் பட்டியலில் ஷேக்ஸ்பியர் பெயரும் இருந்தது. ஆக, காசும் சிபாரிசும் அன்றும் உண்டு. மறுக்கவே இல்லை.

ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கிறது: அங்கே கொடுத்ததை வேறு எவருக்கும் கொடுக்க மாட்டார்கள். மாலில் இருப்பவர் அதே படத்தை நாளைக்கு இன்னொரு பெரைராவுக்கும் விற்பார். இந்தத் தனியுரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது.

1385-இல் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்து மேல் படையெடுத்தார். அந்தப் படையில் ஸ்குரோப் என்ற பிரபுவும் குரோவனர் என்ற வீரரும் ஒரே கேடயத்தோடு வந்து நின்றார்கள்: நீலத்தில் சாய்வாக ஒரு பொன் பட்டை. ‘அது என்னுடையது’ என்று ஸ்குரோப் வழக்குப் போட்டார். நூற்றுக்கணக்கான சாட்சிகள். அதில் ஒருவர் ஆங்கிலக் கவிஞர் சாசர். அவர் சொன்ன சாட்சியம் பதிவாகி இருக்கிறது. லண்டனில் ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தாராம். ஒரு வீட்டு வாசலில் இந்தச் சின்னம் தொங்கியது. ‘ஸ்குரோப் இங்கேயா தங்கியிருக்கிறார்?’ என்று கேட்டாராம். ‘இல்லை ஐயா, இது சர் ராபர்ட் குரோவனருடையது’ என்றார்களாம். அப்படி ஒரு பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன் என்று போட்டாரே ஒரு போடு!

1390-இல் மன்னரே ஸ்குரோப் பக்கம் தீர்ப்புச் சொன்னார். குரோவனர் வேறு வழியில்லாமல் நீலத்தில் பொன் கோதுமைக் கட்டு ஒன்றைச் சின்னமாக எடுத்துக்கொண்டார். அந்தக் குடும்பம்தான் இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகள். வயிற்றெரிச்சல் தீர்ந்ததா என்றால் இல்லை. கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம் கழித்து, 1880-இல் டெர்பி பந்தயம் ஜெயித்த அவர்கள் குதிரையின் பெயர் ‘பெண்ட் ஓர்’. அதாவது பொன் பட்டை!

வம்பளந்தான்
குதிரைக்குப் பெயர் வைத்துப் பழி தீர்த்தார்களா, அடடா. சரி, ஒப்புக்கொள்கிறேன். பாதி.

கியோட்டோ ரவி
மீதிப் பாதிக்கு நான் வருகிறேன். ஏடுதூக்கி சார் சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கணக்கு. உலகம் முழுக்க அப்படி இல்லை.

போலந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே சின்னத்தை ரத்த உறவே இல்லாத பல குடும்பங்கள், வேறு வேறு பெயரில் இருப்பவர்கள், பொதுவாக வைத்திருப்பார்கள். சின்னத்துக்கே தனிப் பெயர் உண்டு. 1413-இல் ஹொரோட்லோ உடன்படிக்கையில் 47 போலந்துக் குலங்கள் லித்துவேனியப் பிரபுக்களைத் தங்கள் சின்னத்துக்குள் சேர்த்துக்கொண்டன. கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது என்று நம் ஊரில் சொல்வோமே, அது.

நான் இருக்கும் ஜப்பானில் ‘கமோன்’ என்று ஒன்று. வட்டத்துக்குள் ஒரு பூவோ இலையோ இறகோ, ஒரே நிறம்தான். சடங்குக்குப் போடும் கறுப்புக் கிமோனோவில் ஐந்து இடத்தில் வெள்ளையாக இருக்கும்: முதுகில் ஒன்று, இரண்டு கைகளிலும் பின்பக்கம், மார்பில் இரண்டு பக்கமும். சாமுராய்களுக்கு மட்டும் இல்லை, எடோ காலத்திலேயே வியாபாரிகளும் நாடக நடிகர்களும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட டோக்குகாவா ஷோகன்களின் மூன்று இலைச் சின்னத்தைத் தொட்டால்தான் ஆபத்து. என் மாமனார் வீட்டில் கல்லறைக் கல்லிலும் கமோன் செதுக்கியிருக்கிறது. கல்யாணத்துக்கு எனக்கு வாடகைக் கிமோனோ. சொந்தக் கமோன் இல்லாதவருக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பௌலோனியா இலையும் பூவும் போட்ட பொதுச் சின்னம் ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் போடலாம் என்றார் கடைக்காரர். ஜப்பான் அரசாங்கத்தின் சின்னமும் அதே செடிதான், பூக்களின் எண்ணிக்கை மட்டும் கூட. பிரதமர் மேடையில் இருப்பதன் தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு நான் தாலி கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் (தாலி மாமியாருக்குப் புரியவே இல்லை, அது வேறு கதை).

சோழநாட்டான்
ஜப்பான் எதற்கு? நமக்குப் புலி, மீன், வில் இருந்ததே. ஐரோப்பாக்காரன் கேடயத்தில் கோடு போடும் முன்னமே!

ஏடுதூக்கி
இருந்தது. ஆனால் அது அரசின் முத்திரை, வீட்டுச் சின்னம் இல்லை. சோழ நாட்டு உழவர் தன் கதவில் புலி பொறித்திருந்தால் கதவு தப்பியிருக்காது. ஒன்று மட்டும் ஐரோப்பாவோடு அப்படியே பொருந்துகிறது. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் புலிக்குப் பக்கத்திலேயே பாண்டியரின் இரண்டு மீனும் சேரரின் வில்லும் இருக்கின்றன. உன் சின்னமும் இனி என்னுடையது என்று அர்த்தம். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு 1340-இல் பிரான்ஸ் மன்னர் பட்டத்துக்கு உரிமை கோரியபோது செய்ததும் இதேதான். பிரான்ஸின் அல்லிப் பூக்களைத் தன் கேடயத்தில் பதித்தார். பிரான்ஸ் கையை விட்டுப்போய் நூற்றாண்டுகள் ஆன பிறகும் 1801 வரைக்கும் அந்தப் பூவை எடுக்கவில்லை, வீம்பு.

குடும்பப் பெயரே இல்லாமல் இனிஷியல் போட்டுக்கொள்ளும் நம்மிடம் இந்தக் கடை செல்லாது. ‘கே’ என்ற இனிஷியலுக்கு என்ன சின்னம் தருவார்?

பழவேற்காட்டுப் பறவை
சின்னங்களைக் கண்ணால் பார்க்க பர்மிங்காம் போக வேண்டாம். சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒரு நாள் வாருங்கள். டச்சுக்காரர்கள் 1600-களில் கெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் பண்ணிய இடம். அவர்கள் கல்லறை இன்னும் இருக்கிறது, தொல்லியல் துறை வேலி போட்டிருக்கிறது. வாசல் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். உள்ளே கருங்கல் பலகைகள். முத்துநகரான் சொன்ன அதே அமைப்பு: நடுவில் கேடயம், மேலே தலைக்கவசம், சுற்றி இலைச் சுருள், கீழே டச்சு எழுத்து. சாய்ந்த வெயிலில் போனால் செதுக்கின ஆழம் நன்றாகத் தெரியும். நம் ஊர் உளி என்று எனக்கு ஒரு எண்ணம், அந்த இலைச் சுருள் கோயில் கொடிக்கருக்கு மாதிரியே வளைகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே படுத்திருப்பவர்கள் வியாபாரிகள், பிரபுக்கள் இல்லை. டச்சு நாட்டில் சின்னம் வைத்துக்கொள்ள மன்னரிடம் கைகட்டி நிற்க வேண்டாம். கைத்தொழில் செய்பவரும் தானே ஒன்று வரைந்து வைத்துக்கொள்ளலாம், அடுத்தவருடையதை எடுக்காத வரைக்கும்.

கொழும்பான்
கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்திலும் உண்டு, தரை முழுக்க அப்படியான கல்லுகள். மிதிக்காமல் நடக்கிறதே கஷ்டம்.

முத்துநகரான்
சரி, ஃபிரேம் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். டச்சுக்கார வியாபாரி செய்ததை நான் ஏன் செய்யக்கூடாது? நாங்களே ஒன்று வரைந்து, வாசலில் கல்லில் செதுக்கி வைக்கலாமா? மனதில் இருப்பது: நீலக் கேடயம், பச்சைத் தோணி, மேலே கறுப்பில் ஒரு சங்கு. சட்டச் சிக்கல் வருமா?

ஏடுதூக்கி
தூத்துக்குடியில் லார்டு லயன் வந்து கேட்க மாட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். டிரம்ப் கம்பெனி அங்கே கோல்ஃப் மைதானத்துக்காகத் தன் சின்னத்தைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் அவர்கள் போட்டுக்கொள்வது ஜோசப் டேவிஸ் என்ற தூதருக்கு பிரிட்டனில் கொடுத்த சின்னம், அதில் ‘நேர்மை’ என்ற லத்தீன் சொல்லை எடுத்துவிட்டு ‘டிரம்ப்’ என்று போட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் அது எடுபடவில்லை. 2012-இல் புதிதாக ஒன்று வாங்கித்தான் தீர வேண்டியிருந்தது.

உங்கள் படத்தில் சிக்கல் நிறம். பொன்னும் வெள்ளியும் உலோகம், மற்றதெல்லாம் நிறம். உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வைக்கக்கூடாது என்பது பழைய விதி. காரணம் எளிது, நீலத்தின் மேல் பச்சையும் கறுப்பும் பத்தடியில் மங்கிவிடும். தோணியையும் சங்கையும் வெள்ளி ஆக்குங்கள். தலைக்கவசமும் வேண்டாம், பெரியப்பா போருக்குப் போகவில்லை.

முத்துநகரான்
அவர் தினம் போவது மீன் ஏலத்துக்கு, அதுவும் போர்தான் :) வெள்ளியே போடுகிறேன். சங்கு வலம்புரியாக இருந்தால் ராசி என்கிறார் பெரியம்மா.

மரியநாயகி
தம்பி, வலம்புரி வேண்டாம். வலம்புரி லட்சத்தில் ஒன்று கிடைத்தால் உண்டு. நம் ஆட்கள் மூச்சடக்கிக் குளித்து எடுத்ததெல்லாம் இடம்புரிதான். இடம்புரியே போடுங்கள். செதுக்குகிறவரிடம் படத்தை மட்டும் கொடுக்காமல் ஒரு நிஜச் சங்கைக் கையில் கொடுத்துவிடுங்கள், காலண்டரைப் பார்த்து வரைகிறவர்கள் எல்லாரும் வாயைத் தப்பான பக்கம் திறந்து வைத்துவிடுகிறார்கள்.